குளத்து நீர் நீலமா? – நீர்வர்ணம் பயில்வோரின் கேள்விகள்

கண்ணால் கண்டதைக் கண்டபடியே நீர்வர்ணத்தில் தீட்டப் பயில்வோர் எழுதிய கடிதங்களை இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் வன்னியின் ஊர்களிலிருந்து வந்தவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவர்களுள் தம் இடர்ப்பாட்டைத் தெளிவாகச் சொன்ன ஒருவரின் கடிதத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறேன்.

உயர்தர வகுப்பில் சித்திரத்தை ஒரு பாடமாகக் கற்கிறேன். எங்கள் பாடசாலையில் நீர்வர்ணம் கற்பிப்பதற்கு எவரும் இல்லை. வீட்டில் எதைக் கீறிக் காட்டினாலும் ‘வடிவாயிருக்கு’ என்கிறார்கள். ஆனால் நான் பார்த்த பொருளைப் போல என் படம் இல்லை என்பது எனக்கே தெரிகிறது. எங்கே பிழை என்பதுதான் தெரியவில்லை. ஆசிரியர் இல்லாமல் என் பிழையை நானே கண்டுபிடிக்க முடியுமா ரீச்சர்?
– மாணவி, மல்லாவி

முடியும், பிள்ளை. ‘வடிவாயிருக்கு’ என்பது அன்பினால் வரும் சொல். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது உங்கள் படத்தைத் திருத்தித் தராது. ‘பார்த்த பொருளைப் போல இல்லை’ என்று நீங்கள் எழுதிய வரி எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தந்தது. கண் கையை முந்திவிட்டால் அப்படித்தான் தோன்றும், அதுவே பயிற்சி தொடங்குவதற்கு ஏற்ற நேரம்.

முதலில், படத்தை நொந்துகொள்வது வேறு, படத்தை ஆராய்வது வேறு என்பதை மனத்தில் இருத்துங்கள். ‘எனக்குக் கை வராது’ என்று சொன்னால் அடுத்த படத்தில் மாற்றுவதற்கு எதுவும் கிடைக்காது. ‘கேத்திலின் மூக்கு அதன் உடம்பின் பாதி உயரத்தில் தொடங்குகிறது, நான் முக்கால் உயரத்தில் தொடங்கிவிட்டேன்’ என்று சொன்னால் நாளைக்கே அதைத் திருத்தலாம். பொருளின் பக்கத்தில் படத்தை வைத்து, அளந்து, பெயர் சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அது பிழை, மற்றதெல்லாம் மனச்சோர்வு.

கேத்திலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மீள்குடியேறி வந்த முதல் ஆண்டில், எங்கள் குசினி வாசலில் இருந்த ஓர் அலுமினியக் கேத்திலை நான் பதினொரு முறை தீட்டினேன். முதற் படத்தில் கேத்தில் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது, சுற்றிக் கறுப்புக் கோடும் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் படத்தைக் கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்தக் கேத்திலில் சாம்பல் நிறம் ஏறக்குறைய இல்லை என்பதைக் கண்டேன். அடிப்பாகத்தில் சாணி மெழுகிய நிலத்தின் பழுப்பு இருந்தது. வயிற்றில் நான் உடுத்தியிருந்த சேலையின் நீலம் வளைந்து கிடந்தது. மூடியின் விளிம்பில் ஒன்றும் மூக்கின் வளைவில் ஒன்றுமாக இரண்டே இரண்டு இடங்களில்தான் கண்ணைக் கூசும் வெள்ளை இருந்தது, அவையும் நெல்மணி அளவுதான். நிழற்பக்கத்து விளிம்போ பின்னாலிருந்த இருளோடு கலந்து, எங்கே கேத்தில் முடிகிறது என்று சொல்ல முடியாதபடி மறைந்திருந்தது. படத்தின் பின்புறத்தில் அன்று நான் எழுதியது இது: ‘அலுமினியம் வெள்ளிநிறம் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததைத் தீட்டியிருக்கிறேன், பார்த்ததைத் தீட்டவில்லை.’ இரண்டாவது படத்தில் கறுப்புக் கோட்டை மட்டும் விட்டேன். மூன்றாவதில் அந்த இரண்டு வெள்ளைகளுக்கு மட்டும் தாளை வெறுமையாக விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் மெல்லிய நிறமாவது போட்டேன். ஏழாவது படம்வரை மூக்கு கோணலாகத்தான் இருந்தது. அதை வேண்டுமென்றே பொறுத்துக்கொண்டேன்.

ஒரு படத்துக்கு ஒரு பிழையை மட்டும் எழுதுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பத்துப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்த முனைகின்ற பிள்ளைகள்தான் மூன்றாம் மாதத்தில் தூரிகையைக் கழுவி மூலையில் வைத்துவிடுகிறார்கள். படத்தின் பின்னால் திகதியையும் நேரத்தையும் பிழையையும் ஒரு வரியில் குறித்துவிட்டு, அடுத்த படத்தில் அந்த ஒன்றைத் திருத்துவதிலேயே கவனமாக இருங்கள். பத்துப் படங்கள் சேர்ந்ததும் அவற்றைத் திகதி ஒழுங்கில் நிலத்தில் பரப்பிப் பாருங்கள். பத்தில் ஏழில் நிழல் வெளிறியிருக்கிறதென்றால், உங்கள் பிழை கேத்திலிலும் இல்லை, பூவிலும் இல்லை, இருளைப் போதிய அளவு இருட்டாக்கத் தயங்குவதில் இருக்கிறது. ஒரு படத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஆசிரியராலும் முடியாது.

பிழையைத் தேடும்போது ஓர் ஒழுங்கு வேண்டும். வரைவு சரியா என்பதை முதலில் பாருங்கள். அடுத்தது ஒளி–இருள் அளவு, அதற்கடுத்தது ஓரங்கள், கடைசியாகத்தான் நிறம். பெரும்பாலானோர் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். இலையின் பச்சை சரியில்லை என்று மூன்று குழாய்களை மாற்றிப் பார்க்கிறார்கள், உண்மையில் அந்தப் பச்சை வேண்டிய அளவைவிட இரண்டு படி வெளிறியிருப்பதுதான் குறையாக இருக்கும். இதை அறிய எளிய வழி கண்களைப் பாதி மூடிக்கொண்டு பொருளையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பது. கைத்தொலைபேசி இருந்தால் படத்தையும் பொருளையும் ஒரே சட்டகத்துக்குள், ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பிடித்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தனித்தனியாகப் பிடித்தால் கமரா ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துவிடும், ஒப்பீடு பொய்யாகிவிடும். வரைவுப் பிழைக்கு முகம்பார்க்கும் கண்ணாடியே போதும்: படத்தைக் கண்ணாடியில் காட்டினால், நேராகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல் அங்கே உடனே தெரியும்.

தீட்டி முடித்த அன்றே ஆராய வேண்டாம். நீர்வர்ணம் ஈரத்தில் அழுத்தமாகத் தெரிந்து, காய்ந்ததும் வெளிறும். அதனால் அன்றைக்கு நீங்கள் பார்ப்பது முடிந்த படமே அன்று. தவிர, பட்ட பாடும் கண்ணை மறைக்கும். இரண்டு இரவு கடக்கட்டும்.

இரணைமடுக் குளக்கட்டில் இருந்து பல தடவை நீரைத் தீட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நீலத் துணியை விரித்தது போலவே வருகிறது. நீர் நீராகத் தெரிவதற்கு என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கிளிநொச்சி

நீருக்கென்று ஒரு நிறத்தைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். அடுத்த முறை போகும்போது வர்ணப் பெட்டியைத் திறக்காமல் கால் மணி நேரம் குளக்கட்டில் நின்று பாருங்கள். உங்கள் காலடியில், அணைக்கட்டுக் கற்களை நீர் தொடும் இடத்தில், நீருக்குள்ளே பார்க்க முடியும்: கல்லும் பாசியும் வண்டலின் பழுப்பும் தெரியும். கண்ணை மெல்ல உயர்த்தினால், உள்ளே பார்ப்பது குறைந்துகொண்டு போய், நீர் கண்ணாடியாகிக்கொண்டு வரும். ஏனெனில், பார்வை எவ்வளவு சாய்வாக நீரில் படுகிறதோ அவ்வளவுக்கு அது வானத்தைத் திருப்பிக் காட்டும். அக்கரையை ஒட்டிய நீர் தொடுவானத்துக்கு அருகிலுள்ள வெளிறிய வானத்தைக் காட்டுகிறது. நமக்கு அண்மையிலுள்ள நீர் உயரத்திலுள்ள ஆழ்ந்த நீலத்தைக் காட்டுகிறது, அதோடு அடியிலுள்ள வண்டலின் பழுப்பும் சேர்கிறது. ஆகவே வானம் மேலே அழுத்தமாகவும் கீழே வெளிறியும் இருக்கும் நாளில், நீர் அதற்கு நேர்மாறாக அக்கரையில் வெளிறியும் இக்கரையில் அழுத்தமாகவும் இருக்கும். நீலத் துணி போல வருவதற்குக் காரணம் நீங்கள் முழுப்பரப்புக்கும் ஒரே அழுத்தத்தில் ஒரே நீலத்தைப் போடுவதுதான்.

வானத்துக்குக் குழைத்த அதே கலவையிலேயே நீரையும் தொடங்குங்கள். தாளை முழுவதும் நனைத்து, வானத்தை மேலிருந்து கீழாக இளக்கிக்கொண்டு வந்து, அக்கரைக் கோட்டில் ஏறக்குறைய வெறும் தண்ணீராக்கி, பிறகு கீழ்நோக்கி மீண்டும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். கடைசிப் பங்கில் சிறிது பேர்ன்ட் சியென்னா என்னும் செம்பழுப்பு சேரட்டும். மாரிக்குப் பிறகு கனகராயன் ஆறு வண்டலோடு வந்து சேரும் நாட்களில் அந்தப் பழுப்பு இன்னும் மேலே, நடுக்குளம் வரைக்கும் ஏறும். அது முற்றாகக் காய்ந்த பிறகுதான் அக்கரைக் காடு.

காட்டின் பிம்பத்தில் பலர் தவறுவது இரண்டு இடங்களில். பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே, நம்மை நோக்கி விழும். வெயில் எந்தப் பக்கமிருந்தாலும் அது சாயாது. சாய்வது நிழல். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் படத்தில் ஏதோ பொய்யிருப்பது தெரிந்துவிடும். மற்றது, பிம்பத்தின் அழுத்தம்: கரிய மரக்கூட்டத்தின் பிம்பம் மரத்தைவிடச் சற்று வெளிறியிருக்கும், நீருக்குள் நிற்கும் பட்ட மரத்தின் வெளிறிய தண்டின் பிம்பமோ தண்டைவிடச் சற்று இருண்டிருக்கும். காற்று நீரைத் தொடும் இடத்தில் பிம்பம் அறுந்து, ஒரு வெளிறிய கீற்று குறுக்கே ஓடும். அந்தக் கீற்றை வெள்ளை வர்ணத்தால் பின்னர் போட வேண்டாம். தொடக்கத்திலேயே அதற்குத் தாளை விட்டுவைக்க வேண்டும், அல்லது ஈரத்தைத் துடைத்த தூரிகையைத் தாளில் படுக்கையாக இழுத்து, தாளின் கரடு தானாகவே வெள்ளைப் பொட்டுகளை விடும்படி செய்ய வேண்டும்.

முடிந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நீர் இருந்த இடம் இப்போது வானம் போலத் தோன்ற வேண்டும், சற்று மங்கிய, இங்குமங்கும் கிழிந்த ஒரு வானம் போல. அப்படித் தோன்றினால் நீர் சரி. இன்னும் துணியாகவே தெரிந்தால், அக்கரை நீரின் அழுத்தத்தையும் இக்கரை நீரின் அழுத்தத்தையும் ஒப்பிடுங்கள். பிழை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

முல்லைத்தீவில் சோளகக் காற்று வீசும் காலத்தில் வெளியே இருந்து தீட்டினால், வானத்தைப் பாதி பூசுவதற்குள் மேற்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. மாரியிலோ எதுவும் காய்வதில்லை. போதாததற்கு, சென்ற ஆண்டு வாங்கி வைத்த தாளில் வர்ணம் ஆங்காங்கே பொட்டுப் பொட்டாக உள்ளே இறங்கிவிடுகிறது. இது என் கைப்பிழையா?
– வாசகர், முல்லைத்தீவு

பாதி உங்கள் கைப்பிழை, பாதி அன்று. தாளில் தொடங்குவோம். நீர்வர்ணத் தாளுக்கு ஜெலட்டின் போன்ற ஒரு பசை ஊட்டப்பட்டிருக்கும். அந்தப் பசைதான் வர்ணத்தை மேற்பரப்பிலேயே தாங்கி நிற்கிறது. வெக்கையும் ஈரலிப்பும் சேர்ந்தால் பசை கெட்டுப்போகும், பூஞ்சணமும் பிடிக்கும். அப்படியான இடத்தில் தாள் ஒற்றுத்தாள் போல வர்ணத்தைக் குடித்துவிடுகிறது. அந்தத் தாளில் எந்தத் திறமையும் செல்லாது. அதைப் பென்சில் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனி வாங்கும் தாளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, நிலத்திலோ சுவரிலோ படாத உயரத்தில் வையுங்கள், ஒரு மாரிக்குத் தேவையானதைவிட அதிகமாக வாங்கவும் வேண்டாம். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள முழுத்தாள் ஒன்று 56க்கு 76 சென்ரிமீற்றர். அதை நான்குக்கு நான்காக மடித்து வெட்டினால் 14க்கு 19 அளவில் பதினாறு துண்டுகள் கிடைக்கும். இரு புறமும் தீட்டினால் முப்பத்திரண்டு படங்கள். பயிற்சிக்கு இதைவிடப் பெரிய அளவு வேண்டாம் என்பதே என் எண்ணம், சோளகத்தில் இதைவிடப் பெரிய தாளைச் சமாளிப்பதும் கடினம்.

காற்றுக்கு மருந்து விடியற்காலைதான். காற்று எழும்புவதற்கு முன்னர் வானத்தை முடித்துவிடுங்கள். தாளின் இரு புறத்தையும் நன்றாக நனைத்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிவிட்டால், பின்புறத்து ஈரம் மேற்புறத்தை நெடுநேரம் காக்கும். பெரிய பரப்புக்குப் பெரிய தூரிகை எடுங்கள், வேண்டிய கலவையை முன்பே போதிய அளவு குழைத்து வையுங்கள். பாதியில் கலவை தீர்ந்து மறுபடி குழைக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் கோடு விழுகிறது. தாளை எப்போதும் நிழலில் வையுங்கள். வெயில் நேரே படும் தாளில் வர்ணம் உண்மையைவிட வெளிறித் தெரிவதால், கை தன்னையறியாமல் அழுத்திப் பூசிவிடும், வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

மாரியில் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே. ஆனால் காத்திருக்கும்போது தாளின் பளபளப்பைச் சாய்வாகக் கவனிக்கப் பழகுங்கள். நீர் மினுங்கும்வரை வர்ணம் சேர்க்கலாம். மினுக்கம் மறைந்து, தாள் இன்னும் குளிர்ந்திருக்கும் அந்த இடைவேளையில் ஈரத் தூரிகை பட்டால், புதிய நீர் பழைய வர்ணத்தை ஒதுக்கித் தள்ளிக் கோவா இலையின் விளிம்பு போன்ற ஒரு கறையை விட்டுவிடும். புறங்கையைத் தாளில் மெல்ல வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் அது இன்னும் காயவில்லை.

குழாயில் வரும் பச்சை எதுவும் எங்கள் காட்டுப் பச்சை போல இல்லை. எந்தப் பச்சையை வாங்கலாம்?
– வாசகி, ஒட்டுசுட்டான்

எதையும் வாங்க வேண்டாம், கலந்துகொள்ளுங்கள். பாலை மரத்தின் இலை தடித்தது, மேற்புறம் மினுங்குவது. வானத்தைப் பார்த்திருக்கும் இலைகள் பச்சையாகவே தெரிவதில்லை, நீலம் கலந்த சாம்பலாகத் தெரிகின்றன. வெயிலுக்கு எதிரே நின்று பார்க்கும் இலைகளோ ஒளியை ஊடுருவ விட்டு மஞ்சட்பச்சையாகச் சுடர்கின்றன. உள்ளே, கிளைகளுக்கிடையில், கறுப்புக்கு அருகிலான ஒரு பச்சை. ஒரு மரத்திலேயே மூன்று. நாற்றுமேடையின் இளம்பச்சை, குடலைப் பருவத்து வயலின் கரும்பச்சை, கதிர் சாயும்போது பச்சையே விலகிப்போகும் வைக்கோல் நிறம் எல்லாவற்றையும் ஒரு குழாய் எப்படித் தரும்?

அல்ட்ராமரின் நீலம், யெலோ ஓக்கர் என்னும் மண்மஞ்சள், பேர்ன்ட் சியென்னா, ஓர் எலுமிச்சை மஞ்சள் ஆகிய நான்கும் இவை அனைத்துக்கும் போதும். பெயர்களை நம்பாமல் குழாயில் சிறிய எழுத்தில் உள்ள நிறக் குறியீட்டைப் பாருங்கள்: அல்ட்ராமரினுக்கு பிபி 29 (PB 29), யெலோ ஓக்கருக்கு பிவை 43 (PY 43) என்று இருக்கும். நல்ல சிவப்பென்று நினைத்து அலிசரின் கிரிம்சனை, அதாவது பிஆர் 83 (PR 83) ஐ, வாங்கியவர்கள் அது ஒளியில் மங்கிப்போவதைக் காண்பார்கள். எவர் சொல்லையும் கேட்கத் தேவையில்லை. உங்களிடமுள்ள ஒவ்வொரு வர்ணத்திலும் ஒரு பட்டை பூசி, பாதியை மட்டை கொண்டு மூடி, வெயில் படும் யன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள்.

கலவை சரியா என்று சோதிக்க, 19 ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய அறிஞர் ஜோன் ரஸ்கின் மாணவர்க்குச் சொன்ன வழியை நானும் சொல்கிறேன். ஒரு வெள்ளை மட்டையில் சிறு துளையிட்டு, கையை நீட்டிப் பிடித்து, அதனூடாக மரத்தின் ஒரு புள்ளியை மட்டும் பாருங்கள். ‘இது இலை’ என்ற அறிவு அப்போது விலகி நிறம் மட்டும் எஞ்சும். துளைக்குப் பக்கத்திலேயே கலவையைப் பூசிப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம் போனால், தூரத்துக் காட்டின் கோடு அந்தத் துளையில் பச்சையாக அல்ல, நீலம் படர்ந்த சாம்பலாகத் தெரிவதைக் காண்பீர்கள்.

கமரா இருக்கும் காலத்தில் உள்ளதை உள்ளபடி தீட்டுவதால் என்ன பயன்? கட்டம் போட்டுப் புகைப்படத்தைப் பெருப்பிப்பது குற்றமா?
– வாசகர், வவுனியா

கட்டம் போடுவது குற்றமில்லை, ஆனால் அதனால் உங்கள் கண் அளக்கப் பழகாது. வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். பயனைக் கேட்டீர்கள். 1503 இல் ஜேர்மனிய ஓவியர் அல்பிரெக்ற் டியூரர் ஒரு பிடி புல்லை, களைகளையும் வேரடி மண்ணையும் சேர்த்து, நீர்வர்ணத்தில் தீட்டினார். அது இன்றும் வியன்னாவின் அல்பேர்ட்டினா அரும்பொருளகத்தில் இருக்கிறது. வயல் வரம்பில் நாம் மிதித்துக்கொண்டு போகும் அந்தப் புல்லுக்கு ஒரு மனிதர் எத்தனை நேரம் கொடுத்தார் என்பது படத்திலேயே தெரியும். அதே அளவு நேரத்தை ஒரு வரம்புப் புல்லுக்கு நீங்களும் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள், பிறகு இந்தக் கேள்வியை மறுபடி எனக்கு எழுதுங்கள்.

2009 இல் நாங்கள் விட்டுவந்த எங்கள் பழைய வீட்டைத் தீட்ட விரும்புகிறேன். வீடும் இல்லை, ஒரு புகைப்படமும் இல்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா இருக்கிறா. மூன்று முறை தீட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுகிறா. ஒப்பிட்டுப் பார்க்கப் பொருளே இல்லாதபோது பிழையை எப்படித் திருத்துவது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

தம்பி, உங்கள் கடிதத்தைப் பல நாள் மேசையில் வைத்திருந்தேன். பொருளைப் பார், படத்தைப் பார், அள என்று மற்றவர்களுக்கெல்லாம் எழுதிவிட்டு, உங்களுக்கு என்ன சொல்வதென்று யோசித்தேன். பொருள் இல்லையென்றாலும் அளவுகள் எல்லாம் போய்விடவில்லை என்றே இப்போது எனக்குப் படுகிறது.

அம்மாவிடம் ‘வீடு எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குத் துயரம்தான் பதிலாக வரும். கிணற்றடியிலிருந்து குசினிக்கு எத்தனை எட்டு வைப்பா என்று கேளுங்கள். குடத்தோடு ஆண்டுக்கணக்காக நடந்த கால் அதை மறக்காது; முற்றத்தில் நடந்து காட்டச் சொல்லி, நீங்கள் எண்ணுங்கள். வாசலில் தலை குனிந்தா நுழைந்தா, நிமிர்ந்தா? திண்ணையில் இருந்தால் கால் நிலத்தில் பட்டதா? காலையில் வெயில் எந்த அறைக்குள் வந்தது? கிடுகு வேய்ந்தது எந்தப் பக்கம், தகரம் எந்தப் பக்கம்? ஒவ்வொரு பதிலும் ஓர் அளவு. அவற்றைக் கொண்டு முதலில் படம் கீற வேண்டாம், ஒரு கொப்பியில் நிலப்படம் போடுங்கள்.

பிறகு அந்த அளவுகளின்படி மட்டையில் வீட்டைச் சிறியதாகச் செய்யுங்கள். ஓர் எட்டுக்கு நான்கு சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் பாயொன்றின் மீது முழு வளவும் அடங்கிவிடும். வீடு கிழக்கைப் பார்த்திருந்தால் மட்டை வீட்டையும் கிழக்கைப் பார்க்க வைத்து முற்றத்தில் வெயிலில் விடுங்கள். வெயில் மாறவில்லை, தம்பி. அன்று அந்தத் திண்ணையில் எந்தக் கோணத்தில் விழுந்ததோ, அதே மாதத்தில் அதே நேரத்தில் இன்றும் அதே கோணத்தில்தான் விழும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேரே வருவதால் கூரையின் நிழல் சுவரோடு ஒடுங்கிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நண்பகலிலும் நிழல் வடக்கே நீளும். ஆனியிலோ தெற்கே விழும். எந்த மாதம், எந்த நேரம் என்பதை அம்மாவே சொல்லட்டும். உங்கள் மூன்று படங்களிலும் வெயில் எங்கிருந்து வருகிறது என்று எடுத்துப் பாருங்கள். நினைவிலிருந்து தீட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெயிலை மறந்துவிடுகிறார்கள், வீடு எந்த நேரத்திலும் இல்லாத ஒரு வீடாகிவிடுகிறது. அம்மா ஒன்றும் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்சுவரின் நிறத்துக்கு உங்கள் நினைவை நம்ப வேண்டாம். அந்த வளவுக்குப் போகக்கூடியதாக இருந்தால், அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து, நனைத்து, ஒரு பலகையில் பூசிக் காயவிடுங்கள். துளையிட்ட மட்டையை அதன் மேல் வைத்து நிறத்தைக் கலவுங்கள். போக முடியாவிட்டால் அதே பக்கத்து மண் எதுவாயினும் உதவும். தகரத்தின் துருவுக்கும் கிடுகின் சாம்பலுக்கும் இன்று நிற்கும் ஏதாவது ஒரு கொட்டிலைப் பார்த்துத் தனித்தனியாகப் பத்துச் சிறு படங்கள் பழகுங்கள். வீட்டுப் படத்தைத் தொடுவதற்கு முன்னர் இந்தப் பயிற்சிக்கு ஒரு போகம் அளவு காலம் போகட்டும்.

எங்கே உங்களுக்கும் அம்மாவுக்கும் நினைவு இல்லையோ, அங்கே கற்பனையால் விவரம் நிரப்பாதீர்கள். நீர்வர்ணத்தில் அதற்கு நல்ல வழி உண்டு: அந்த இடத்தில் தாளை நனைத்து, ஓரத்தைக் கரைய விட்டு, மரநிழலுக்குள்ளோ வெயிலின் வெள்ளைக்குள்ளோ அதைச் சேர்த்துவிடலாம். தெரிந்த வாசற்படியைக் கூரிய ஓரத்தோடு தீட்டுங்கள். தெரியாத பின்பக்கத்தைக் கரைய விடுங்கள்.

நான்காவது படத்தை முடித்துக் காட்டாதீர்கள். பென்சில் வரைவோடு அம்மாவிடம் கொடுத்து, ஒரு பென்சிலையும் கையில் கொடுங்கள். அவ எந்த இடத்தில் கோட்டை அழித்து மாற்றுகிறா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள், அந்த இடத்தைத் திகதியோடு பின்னால் குறித்துவையுங்கள்.